நானூற்றில் ஒருவர்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இரண்டு நாள் பேருந்து, ஒரு பகல் படகு என்று உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு பலகையாகிவிட்டது. மற்றபடி உடம்புக்குக் குறையில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தையல் இயந்திரத்துக்கு மோட்டார் வைக்கச் சொன்னேனே, வைத்தாயா, இல்லை இன்னும் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறாயா? உன் மகளுக்கு ஏழாம் மாதம் பிறந்திருக்குமே. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதாவது நடுவில் மூச்சு விட்டுப் பேசச் சொல் அந்த வாயாடியை.

எங்கள் முகாம் மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. எனக்கு அறிவியல் அறை. சுவரில் தவளையின் குடல் படம் தொங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுகிறேன். நாங்கள் மூன்று பேர்: டாக்டரம்மா, இரத்தப் பரிசோதகனான நான், பெட்டிகளைச் சுமந்து வரும் படகுக்காரர். தொலைபேசி கிடையாது. தபால் வாரத்துக்கு இரண்டு தடவை.

இங்கே மலேரியா அதிகம். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மாத்திரை கொடுக்கப் போகிறார்கள். அதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். இரத்தத்தில் ஒரு நொதி இருக்கிறது. உன் கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற அம்மாளைப் போல என்று வைத்துக்கொள்: ஒரே ஒரு வேலைதான் தெரியும், ஆனால் அவள் வராவிட்டால் சட்டை முடியாது. சிலருக்கு அந்த நொதி பிறவியிலேயே குறைவு. சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது, குத்துக்கல் மாதிரி இருப்பார்கள். இந்த மாத்திரை உள்ளே போனால் மட்டும் இரத்த அணுக்கள் உடைந்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் பால் விடாத தேநீர் நிறத்தில் போகும். உயிருக்கே ஆபத்து.

ஆற்றோரம் இருப்பவர்கள் கரைக்காரர்கள். அவர்களில் நூறு ஆண்களுக்குப் பத்துப் பதினைந்து பேரிடம் இந்தக் குறை இருக்கலாம் என்று பழைய அறிக்கை சொல்கிறது. மலையடியில் நம் மேட்டுக்காரர்கள். அவர்களில் நானூறு பேருக்கு ஒருவர் கிடைத்தால் அதிகம். அது இன்றும் சரிதானா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. 'நீங்க எந்தச் சனம்?' என்று கேட்டு ஒரு கட்டத்தில் குறிக்க வேண்டும். இன்று ஒருவர், 'அப்பா மேடு, அம்மா கரை, நான் மளிகைக் கடை' என்றார். அவரை எந்தக் கட்டத்தில் போடுவது?

ஆறாம் வகுப்பை இரண்டு வருடம் ஊன்றிப் படித்தவள் நீ. உனக்கு இதெல்லாம் சுலபமாகப் புரியும்.

உன் கத்தரிக்கோலுக்கு இன்றும் பயப்படும்
தம்பி

*

பிப்ரவரி 27

தம்பிக்கு அக்கா எழுதுவது.

எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முணுமுணுக்கிறது. மோட்டார் வைக்கவில்லை. மிதித்தால்தான் எனக்குத் துணி பேச்சுக் கேட்கும்.

பள்ளிக்கூடச் சீருடைக்கு இருநூற்று அறுபது உருப்படி வந்திருக்கிறது. வீட்டில் கால் வைக்க இடமில்லை, எங்கே பார்த்தாலும் துணிக்கட்டு. போன வருடம் கம்பளித் துணியைப் பூச்சி அரித்து நாசமாக்கியது நினைவிருக்கும். இந்த வருடம் எல்லாப் பெட்டியிலும் அந்துருண்டை போட்டுவிட்டேன். உன் அத்தான் அச்சகத்திலிருந்து வந்ததும் தும்முகிறார். நாள் முழுக்க மெய்ப்புப் பார்த்து எழுத்துப் பிழை பிடிப்பவர், வீட்டுக்கு வந்தால் வாசனையில் பிழை பிடிக்கிறார்.

மருமகன் லாரியோடு தொலைதூரம் போயிருப்பதால் வாயாடி இங்கேதான் இருக்கிறாள். வயிற்றில் உதைப்பதைப் பார்த்தால் பையன்தான் என்கிறாள். எனக்கு எதுவானாலும் சரி, பத்து விரலும் ஒழுங்காக இருந்தால் போதும்.

நீ எழுதிய வேலை பாதி புரிந்தது. ஆறாம் வகுப்புப் பேச்சை இன்னும் எத்தனை வருடம் பேசுவாய்? வேளைக்குச் சாப்பிடு. தவளைப் படத்தைத் திருப்பி மாட்டு.

அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. நலமில்லை என்று எழுதவும் காரணமில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் மூன்று வாரம் ஓடிவிட்டது. நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சொட்டு இரத்தத்தை மருந்தோடு கலந்து காகிதத்தில் பொட்டு வைத்து, இருட்டுப் பெட்டிக்குள் விசேஷ விளக்கில் பார்ப்போம். நொதி இருந்தால் பொட்டு நீலமாக ஒளிரும். இல்லாவிட்டால் இருண்டு கிடக்கும். ஒவ்வொரு காகிதத்திலும் முதலில் குறையில்லாத ஒருவரின் சொட்டு ஒன்று இருக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. நான்தான் மேட்டுக்காரன் ஆயிற்றே என்று என் விரலையே குத்திக்கொண்டேன்.

என் பொட்டு ஒளிரவில்லை.

படகுக்காரர் கரைக்காரர். அவருடைய பொட்டு பளிச்சென்று இருந்தது. சீட்டு மாறிவிட்டது என்று நினைத்தேன். திரும்ப வைத்தேன், அதே கதை. மருந்து கெட்டுவிட்டது என்றேன். புது மருந்து வந்தது. பனிக்கட்டிப் பெட்டியைக் குறை சொன்னேன், விளக்கைக் கழற்றித் துடைத்தேன், தண்ணீரைக்கூட மாற்றினேன். நூற்றுப் பத்துப் பேரின் சோதனையைச் செல்லாது என்று கிழித்துப் போட்டேன். அவர்கள் திரும்ப விரல் நீட்ட வந்து நின்றபோது எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

பதினாறாம் நாள் டாக்டரம்மா வந்து நின்றார்.

"விளக்கைத் திட்டியாச்சு, தண்ணியத் திட்டியாச்சு. ஒரு தடவை உங்களைத் திட்டிப் பாத்தீங்களா?"

"நான் மேட்டுக்காரன் டாக்டரம்மா. எங்க அம்மா, அப்பா ரெண்டு பேருமே மேடு."

"நானூத்துல ஒருத்தர்னா, அந்த ஒருத்தர் யாராவது ஒரு ஆளா இருந்துதானே ஆகணும்?"

தன் விரலைக் குத்தி வைத்தார். ஒளிர்ந்தது. அப்புறம் வைத்த நாற்பது பேரில் முப்பத்தைந்து பொட்டு ஒளிர்ந்தது. இருண்டது நான்தான். ஊரெல்லாம் தேடிக்கொண்டு வந்த ஆசாமி என் சட்டைக்குள்ளேயே இருந்திருக்கிறான்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. சில மாத்திரைகளைத் தவிர்த்தால் போதும். இது ஆண்பிள்ளைக்குத் தாய் வழியாக வருவது. எனக்கு அம்மாவிடமிருந்து வந்திருக்கிறது. அப்படியானால் உனக்கும் ஒரு பங்கு வந்திருக்கலாம். உன்னை ஒன்றும் செய்யாமல் வாயாடிக்குப் போயிருக்கலாம். அவளுக்குப் பையன் பிறந்தால் அவனைப் பிடிக்கலாம். அதனால் பிறந்ததும் ஒரு சொட்டு எடுத்துச் சோதிக்கச் சொல். முக்கியமாக, குழந்தை இருக்கிற இடத்தில் அந்துருண்டை கூடவே கூடாது. அந்தத் துணியில் குழந்தையைப் படுக்க வைத்தாலே போதும், இரத்தம் உடையும். பெட்டிகளை உடனே காலி செய்.

பதிலுக்குக் காத்திருக்கும்
தம்பி

*

மே 1

தம்பிக்கு அக்கா.

நீ நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். உனக்குப் பேரன் பிறந்திருக்கிறான். ஏப்ரல் 19, விடிந்து இரண்டு மணி நேரம் கழித்து. மூன்று கிலோவுக்கு ஒரு கைப்பிடி குறைவு. பத்து விரலும் எண்ணிப் பார்த்தேன். வாயாடி வலியிலும் பேசிக்கொண்டே இருந்தாள் என்று நர்ஸ் சொல்லிச் சிரித்தாள். மருமகன் வந்து பார்த்துவிட்டு, தூக்கப் பயந்து, குழந்தையின் காலை மட்டும் தொட்டுவிட்டுப் போனார். உன் அத்தான் இன்னும் பெயர் வைக்கவில்லை. எழுத்துப் பிழை வராத பெயராகத் தேடுகிறாராம்.

சீருடைகளை நாள் தவறாமல் கொடுத்துவிட்டேன். காஜா எடுக்கிற அம்மாளுக்குக் கண்ணில் நீர் வடிகிறது. வேறு ஆள் தேட வேண்டும். இங்கே வெயில் கொளுத்துகிறது.

நீ எழுதியதைப் படித்தேன். அந்த மாத்திரையை நீ தொடாதே.

அக்கா

*

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

பேரன் வந்த சேதி கேட்டு முகாமில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தேன். தாயும் பிள்ளையும் சுகம்தானே? முப்பத்தெட்டு வயதில் என்னைத் தாத்தா ஆக்கிவிட்டாயே!

ஆனால் கேட்டதற்குப் பதிலைக் காணோம். விரலளவு துணியைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறவள், குழந்தையின் இரத்தத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. சோதித்தாயா, இல்லையா? பெட்டிகளைக் காலி செய்தாயா?

இங்கே கரைக்காரர்களில் இதுவரை நூற்றுக்குப் பதினான்கு. மேட்டுக்காரர்களில் முந்நூற்றுப் பத்துப் பேர் பார்த்தாயிற்று, ஒருவர்கூட இல்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்து, 'அந்த ஒருத்தர் வேலைக்கு வந்துட்டார், ஊர்ல எங்க இருப்பார்' என்கிறார். நான் சிரிக்கிறேன். ஆனால் கரைக்காரர்களில் பதினான்கு பேரும் முன்னமே தெரிந்ததால் தப்பிப்பார்கள். 'நம்ம சனத்துக்கு வராது' என்று மெத்தனமாக இருக்கிற அந்த ஒருவர்தான் மாட்டிக்கொள்வார். நம் பையன் அந்த ஒருவனாக இருந்துவிடக் கூடாது.

ஒரே ஒரு சொட்டு, அக்கா. எறும்பு கடிக்கிற வலிதான்.

தம்பி

*

ஜூன் 3

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிறான்.

பச்சைப் பிள்ளையைக் குத்தச் சொல்லித் திரும்பத் திரும்ப எழுதாதே. வாயாடி உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் வீடே பயமாக இருக்கிறது. சோதனை வேண்டாம். உன் நல்ல மனசு தெரியும். ஆனால் எங்களுக்கு அது வராது. நீ உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஜூன் 11

அக்கா,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்கவில்லை. கோபமில்லை. ஒரு சொல் தொண்டையில் முள்ளாக நிற்கிறது, அதை எடுத்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

'எங்களுக்கு அது வராது' என்று எழுதியிருக்கிறாய். 'நமக்கு' என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? நம் வீடு, நம் அம்மா, நம் தலையெழுத்து என்றுதான் இத்தனை வருடமும் உன் வாயில் கேட்டிருக்கிறேன். 'எங்களுக்கு' என்றால் அதில் நான் இல்லையே.

அவசரத்தில் கை தவறியிருக்கும் என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம் இன்னொன்று நினைவுக்கு வந்தது. எனக்கு இருப்பது தெரிந்தும், அம்மா வழியாக வருவது தெரிந்தும், வராது என்று எப்படி இவ்வளவு அடித்துச் சொல்கிறாய்? சோதனை செய்யப் பயந்தவள், 'வந்தால் என்ன செய்வது' என்று கேட்பாள். நீ பயப்படவில்லை. உனக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நேற்று மூன்று பேருக்குச் சனத்தைக் கட்டம் மாற்றிக் குறித்துவிட்டேன்.

நான் கேட்பது ஒன்றுதான். கை தவறியதா, தவறவில்லையா?

தம்பி

*

ஜூலை 1

அன்பு மைத்துனருக்கு,

அத்தான் எழுதுகிறேன். உடல்நலத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குழந்தை நலம். மற்றவர்களைப் பற்றி நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து உங்கள் அக்கா கத்தரிக்கோலைத் தொடவில்லை. வெட்டிய துணி வெட்டியபடி மேசையில் கிடக்கிறது. ஏழெட்டுக் காகிதம் எழுதிக் கிழித்தாயிற்று. குப்பையில் கிடந்த ஒன்றை எடுத்துப் பார்த்தேன். 'தம்பிக்கு' என்பதோடு நின்றிருந்தது.

முப்பது வருடம் மெய்ப்புப் பார்த்தவன் வீட்டிலிருந்து ஒரு சொல் அப்படிப் போய்விட்டது. அது பிழையா, சரியா என்று குறிக்க எனக்கு உரிமையில்லை. திருமணமான புதிதில் உங்கள் அம்மா என்னிடமும் சத்தியம் வாங்கியிருந்தார்கள். இதை எழுதியதே அதிகம்.

கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் எழுதுவாள்.

உங்கள் அத்தான்

*

ஜூலை 19

தம்பி,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் படி.

கை தவறியது உண்மை. எழுதியது பொய்யில்லை.

அம்மா பிரசவ ஆஸ்பத்திரியில் துணி மடிக்கிற வேலை பார்த்தாள் என்பது உனக்குத் தெரியும். எனக்குப் பதினொரு வயது. ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரித் துண்டில் சுற்றி உன்னைக் கொண்டுவந்தாள். துண்டின் ஓரத்தில் சிவப்பு நூலில் எண் தைத்திருந்தது. பெற்றவள் எழுந்திருக்கவில்லை என்றாள். தேடி யாரும் வரவில்லையாம். அப்பா வாசலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். 'இவன் உன் தம்பி. யார் கேட்டாலும் நம்ம வீட்டுலதான் பொறந்தான்னு சொல்லணும். அவனே கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்' என்றாள் அம்மா. அடுத்த மாதம் வீடு மாறினோம். அம்மா வேலைக்குப் போக வேண்டும், உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த வருடம் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆறாம் வகுப்பை இரண்டு தடவை படித்த கதை அதுதான். நீ கேலி செய்யும்போதெல்லாம் நானும் சிரித்துக்கொள்வேன். வருத்தப்பட்டு இல்லை. புட்டியில் பால் குடித்துவிட்டு என் சட்டையிலேயே கக்குவாய், அது நினைவு வரும்.

உன்னைப் பெற்றவள் எந்தச் சனம் என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லாமலே போய்விட்டாள்.

அதனால்தான் குழந்தைக்குச் சோதனை வேண்டாம் என்றேன். உன் இரத்தத்தில் இருப்பது எங்கள் வழியாக வந்ததில்லை என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் எப்படி மறுப்பது என்றுதான் தெரியவில்லை. நீ பேரனுக்காகத் துடிக்கிறாய், நான் இங்கே கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

*

செப்டம்பர் 14

தம்பி,

எட்டு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ உடம்போடு நன்றாக இருக்கிறாய் என்று டாக்டரம்மாவுக்குத் தனியாக எழுதிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கோபித்துக்கொள்ளாதே.

இது வேறு விஷயம். படித்ததும் பதறாதே, இப்போது ஆபத்தில்லை.

போன மாதக் கடைசியில் விடாமல் மழை. குழந்தைக்குக் குளிரப் போகிறது என்று பெட்டியிலிருந்து கம்பளித் துண்டு எடுத்துச் சுற்றிப் படுக்க வைத்தேன். நானேதான். பெட்டிகளை நான் காலி செய்யவில்லை, தம்பி. குழந்தைக்கு வராது என்று தெரிந்தபின் எதற்கு என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் பால் குடிக்கவில்லை. கண் எலுமிச்சம்பழமாக இருந்தது. நனைந்த துணியைப் பிழிந்தால் பழுப்பாக வடிந்தது. நீ எழுதியிருந்த தேநீர் நிறம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குழந்தையைத் தூக்கியதும், 'அந்துருண்டை வாசனை அடிக்குதே' என்றார். இரத்தம் ஏற்றினார்கள். ஆறு நாள். வாயாடி ஆறு நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழாம் நாள் குழந்தை அவள் மூக்கைப் பிடித்து இழுத்தான். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

குழந்தையிடம் முதலில் எடுத்த இரத்தத்தைச் சோதித்தார்கள். அதே நொதி இல்லையாம். நீ சொன்ன அதே குறை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தத் துண்டை நான் என் கண்ணால் பார்த்தேன். சிவப்பு நூலைப் பார்த்தேன். நீ அம்மா வயிற்றில் பிறக்கவில்லை. பிறகு எப்படி உனக்கு இருப்பது இவனுக்கும் இருக்கும்? நானூறு பேரில் ஒருவருக்கு வருவது ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு எப்படி வரும்? அம்மா என்னிடமும் பொய் சொன்னாளா? நீ அவளுக்கு ஏதோ ஒரு வழியில் சொந்தமா? அத்தானைக் கேட்டால் கண்ணாடியைத் துடைக்கிறார்.

வந்துவிட்டுப் போ.

அக்கா

*

நவம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களைப் பார்த்துவிட்டு முகாம் திரும்பி எட்டு வாரமாகிறது. சளி பிடித்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. பேரனின் கண் வெள்ளையாகத்தானே இருக்கிறது? மருந்து எதுவானாலும் கடைக்காரரிடம் குறையைச் சொல்லாமல் வாங்காதீர்கள்.

அங்கே வந்திருந்த நான்கு நாளும் நாம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீ சாதம் போட்டாய், நான் சாப்பிட்டேன். நீ கொல்லையில் ஒதுக்கி வைத்திருந்த பெட்டிகளைக் காட்டினாய், நான் தூக்கிப்போய்த் தெருக் கோடியில் கொட்டினேன். புறப்படும்போது, வகை பார்க்கவென்று குழந்தையின் காலிலிருந்து நான் சொட்டு எடுத்தபோதுதான், 'ஒரே வகையா இருக்கும்ல?' என்றாய். எனக்கும் அந்த ஆசைதான் இருந்தது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் குறையில் பல வகை உண்டு. சாதாரண விளக்கில் எல்லாம் ஒன்றுபோல இருண்டுதான் தெரியும். தலைமை ஆய்வகத்தில்தான் பிரித்துச் சொல்வார்கள். குழந்தையுடையதையும் என்னுடையதையும் அனுப்பியிருந்தேன். போன வாரம் பதில் வந்தது.

இரண்டும் வேறு வேறு.

என்னுடையது கரைக்காரர்களிடம் அதிகம் காணப்படுவது. குழந்தையுடையது மேட்டுக்காரர்களிடம் எப்போதாவது தட்டுப்படுவது. அது உன் வழியில் வந்ததோ, அத்தான் வழியில் வந்ததோ, உங்கள் வீட்டுக்குள்ளேயே எந்தக் காலத்திலிருந்தோ இருந்திருக்கிறது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அம்மா உன்னிடம் பொய் சொல்லவில்லை. தவறான காரணத்தை வைத்துக்கொண்டு சரியான எச்சரிக்கை கொடுத்திருக்கிறேன். நீ சரியான காரணத்தை வைத்துக்கொண்டு அதைத் தள்ளிவிட்டாய். யாரைக் குற்றம் சொல்வது? யோசித்து யோசித்து விட்டுவிட்டேன்.

ஜூலையில் உன் கடிதம் வந்தபின் நான் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. எழுத உட்கார்ந்தால் 'அன்புள்ள அக்காவுக்கு' என்பதற்கே கை தயங்கியது. வேலை முடிந்ததும் ஆற்றோரம் போய் நின்று கரைக்காரர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லோரும் என் ஜாடையாகத் தெரிந்தார்கள். கிட்டே போனால் ஒருவரும் என் ஜாடை இல்லை. படகுக்காரர், 'என்ன சார், யாரைத் தேடுறீங்க?' என்று கேட்டார். எதையோ சொல்லி மழுப்பினேன்.

ஆய்வகத்துத் தாளை டாக்டரம்மாவிடம் காட்டி, "அப்ப நான் கரைக்காரன்தானா?" என்று கேட்டேன்.

"நூத்துக்குப் பதினாலுங்கறது கூட்டத்தைப் பத்தின பேச்சு. எதிர்ல நிக்கிற ஆளைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"அறிக்கையில என்னை எந்தப் பக்கம் சேக்கிறது?"

"நீங்க சோதிக்க வந்த ஆள். உங்களை எதுக்குச் சேக்கணும்?"

அதனால் நான் எந்தப் பக்கத்திலும் இல்லை. அறிக்கை போய்விட்டது. கரைக்காரர்கள் அறுநூறு பேரில் எண்பத்திரண்டு. மேட்டுக்காரர்கள் எண்ணூறு பேரில் இரண்டு. அந்த இரண்டு பேருக்கும் நானே நேரில் போய் அட்டை எழுதிக் கொடுத்தேன். ஒருவர் நம்பவே இல்லை. 'எங்க சனத்துக்கு அது வராதே' என்றார்.

அடுத்த மாதம் முகாமை மூடுகிறோம். அதற்குப் பிறகு எங்கே வரட்டும் என்று தெரியவில்லை.

தம்பி

*

டிசம்பர் 15

தம்பிக்கு அக்கா.

சளிக்கு ஆவி பிடி. இங்கே எல்லோரும் சுகம். கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். குழந்தை உட்காரப் பழகி, உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து தூங்குகிறான். வாயாடி பழையபடி பேச ஆரம்பித்துவிட்டாள். அத்தான் பழையபடி அச்சகத்தில் அதிக நேரம் இருக்கிறார்.

உன் கடிதத்தை அத்தான் மூன்று தடவை படித்துக் காட்டினார். இரண்டு வகை என்பது புரிந்தது. சம்பந்தமில்லை என்பதும் புரிந்தது. புரிந்து என்ன செய்ய என்றுதான் புரியவில்லை. உன் கடிதத்திலேயே ஒரே ஒரு வரிதான் எனக்குப் பிடிக்கவில்லை, கடைசி வரி. எங்கே வரட்டும் என்று ஒரு கேள்வியா?

போன வாரம் குழந்தையைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனோம். புது டாக்டர், சின்ன வயது. குழந்தைக்கு அட்டை போடுகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். "குடும்பத்துல வேற யாருக்காவது இந்தக் குறை இருக்கா?" என்று கேட்டார். வாயாடி என் முகத்தைப் பார்த்தாள்.

"என் தம்பிக்கு இருக்கு" என்றேன்.

"உங்க சொந்தத் தம்பியா?"

"பின்னே, வாடகைக்கா எடுப்பாங்க?"

அவர் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டார். 'குழந்தையின் பாட்டியின் தம்பி' என்று அட்டையில் இருக்கிறது. வெளியே வந்ததும் வாயாடி, "அம்மா, அது தப்பாச்சே, மாமாவே வேற வகைன்னு எழுதியிருக்காரே" என்றாள். நான் அட்டையைப் பையில் பத்திரமாக வைத்தேன்.

உன் ஆய்வகம் சொல்வதுதான் சரியாக இருக்கும், நான் மறுக்கவில்லை. அட்டை மேசை இழுப்பறையில் இருக்கிறது. தப்பு என்று பட்டால் நீயே வந்து அந்த வரியை உன் கையால் அடித்துவிடு. நான் அடிக்க மாட்டேன்.

அக்கா